ஜாஸ் ஆல்பத்தைப் பேஸிலிருந்து கேட்பது: 1959இல் தொடங்கும் ஒரு வழிகாட்டி

ஜாஸ் கேட்கப் பழக ஆசைப்பட்ட காலத்தில் நான் செய்த முதல் காரியம், இணையத்தில் கிடைத்த 'கேட்டே ஆகவேண்டிய 100 ஆல்பங்கள்' பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டது. வருட வரிசைப்படி 1920களில் தொடங்கினேன். கரகரப்பான பழைய பதிவுகள், எல்லாம் ஒன்றுபோலவே கேட்ட மூன்று நிமிடப் பாட்டுகள். இரண்டே வாரத்தில் பட்டியல் மேசைக்கு அடியில் போய்விட்டது. ஓராண்டு கழித்து, மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் நண்பர் ஒருவர் சொன்ன ஒரு வரிதான் என்னைத் திரும்ப இழுத்துவந்தது: "டிரம்பெட்டை விடுங்க சார், கீழே பேஸ் என்ன பண்ணுதுன்னு கேளுங்க."

இந்த வழிகாட்டி அந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது. (பேஸ் என்பது குழுவில் ஆக அடியில், கனத்த ஒலியில் கேட்கும் தந்தி வாத்தியம்.) வாரத்துக்கு ஓர் ஆல்பம் போதும். வருட வரிசை வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் இறங்கி, அங்கிருந்து முன்னும் பின்னும் போகலாம்.

காதுக்கு ஓர் ஏற்பாடு

செல்போனின் ஸ்பீக்கரில் மட்டும் ஜாஸ் கேட்காதீர்கள். அதில் பேஸ் வராது, பேஸ் வராவிட்டால் இங்கே சொல்லப்போகும் எதுவும் வேலைக்கு ஆகாது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை, சாதாரண இயர்போன் போதும். 1950களின் இறுதியில் வந்த ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை இடது வலதாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு சாக்ஸபோன் ஒரு காதில், இன்னொன்று மறு காதில் என்று வருவதால், யார் வாசிக்கிறார் என்று கண்டுபிடிப்பது இயர்போனில் இன்னும் சுலபம்.

முதல் படி: ஒரே பாட்டு, ஐந்து தடவை

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் நியூயார்க்கில் பதிவானது. எல்லோரும் சொல்லும் ஆல்பம்தானே என்று தோன்றலாம். எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இதில் எலும்புக்கூடு வெளியே தெரியும். புதிதாகக் கேட்பவருக்கு அதுதான் தேவை.

முதல் பாட்டு 'ஸோ வாட்'. ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். இதை மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எதையும் கவனிக்காமல் கேளுங்கள். இரண்டாம் தடவை பேஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸை மட்டும் பிடியுங்கள். தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் மெல்லத் தடவிப் பார்க்கும் அரை நிமிடம் ஒன்று வரும். அப்புறம் பேஸ் தனியாக ஒரு கேள்வி கேட்கும். மற்றவர்கள் இரண்டே ஒலிகளில் 'சரிதான் போ' என்பதுபோலப் பதில் சொல்வார்கள். பாட்டின் மெட்டே அவ்வளவுதான். மெட்டைப் பேஸின் கையில் கொடுப்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. அது முடிந்ததும் பேஸ் தன் வழக்கமான வேலைக்குத் திரும்பும்: அடிக்கு ஒரு ஸ்வரம், நடப்பதுபோல. இந்த நடை ஒருமுறை காதில் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாம் தடவை எண்ணுங்கள். நான்கு அடி ஒரு பார் (சினிமா ஒலிப்பதிவில் சொல்லும் அதே பார்). 32 பார் சேர்ந்தால் ஒரு சுற்று முடிந்தது. ஜாஸ்காரர்கள் இந்தச் சுற்றை 'கோரஸ்' என்பார்கள். நமக்குக் கோரஸ் என்றால் கூட்டாகப் பாடுவது என்பதால் நான் சுற்று என்றே சொல்கிறேன். தாள ஆவர்த்தனம்போலத்தான், ஆனால் மிக நீளமானது. 'ஸோ வாட்'டில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. அந்த 32இல் முதல் 16 பார் ஓரிடம் (அதாவது ஒரே ஸ்வரக் கூட்டம்), அடுத்த 8 வேறிடம், கடைசி 8 பழைய இடம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இரண்டு கட்டையில் இருக்கும் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள் 17ஆம் பாரில் அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறி, 25ஆம் பாரில் திரும்ப இரண்டுக்கு இறங்குகின்றன. ஸ்வரங்கள்தாம் பொருந்துமே தவிர, ராகத்தின் பிடிகளையும் கமகத்தையும் இங்கே தேடினால் ஏமாற்றம்தான். அந்த ஏற்றத்தை மட்டும் கவனியுங்கள். யாரோ அறையின் விளக்கை மாற்றிப் போட்டதுபோல இருக்கும்.

நான்காம் தடவை, யார் எத்தனை சுற்று என்று பாருங்கள். டேவிஸ் டிரம்பெட்டில் இரண்டு, ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸில் இரண்டு, கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸில் இரண்டு, பில் எவன்ஸ் பியானோவில் ஒன்று. அதே வீடு, நான்கு குடித்தனம். டேவிஸ் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இடம் விடுவார். கோல்ட்ரேன் இடமே விடமாட்டார், ஒரு கதவைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவார். ஆடர்லி சிரித்துப் பேசும் ஆள். எவன்ஸ் வாக்கியத்தையே சொல்லாமல் நிறுத்தற்குறிகளை மட்டும் வைப்பார்.

ஐந்தாம் தடவை டிரம்ஸ். ஜிம்மி காப்பின் வலது கை பெரிய தட்டில், அதாவது ரைட் சிம்பலில், 'டிங், டிங்-க டிங், டிங்-க' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சற்றே சாய்ந்த, சமமில்லாத ஓட்டம்தான் ஸ்விங். கைதட்டிப் பார்க்க ஆசையிருந்தால் 1, 3இல் தட்டாமல் 2, 4இல் தட்டுங்கள். முதலில் கை கேட்காது. எனக்கு மூன்று நாள் ஆனது.

ஒரு சின்னச் செய்தி. இந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் பதிவு செய்தபோது டேப் இயந்திரத்தின் வேகம் சற்று மாறியிருந்ததால், முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்த மூன்று பாட்டுகள் லேசாக ஏறிய சுருதியில்தான் உலகெங்கும் ஒலித்தன. 1990களில்தான் திருத்தினார்கள். பழைய எல்பி ஒன்று கிடைத்து, சுருதிப் பெட்டியோடு ஒத்துப்போகாவிட்டால் பெட்டியைத் திட்டாதீர்கள்.

இரண்டாம் படி: 12 பார்

அதே ஆல்பத்தின் இரண்டாம் பாட்டு 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. இதில் மட்டும் பியானோ விண்டன் கெல்லி. சுற்று 12 பார், நான்கு நான்காக மூன்று வரி. இதுதான் ப்ளூஸ் வடிவம். பாடலாகப் பாடும்போது முதல் வரியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாவதில் முடிப்பார்கள். ஜாஸில் எந்தக் காலத்துக்குப் போனாலும் இந்த 12 உங்கள் கூடவே வரும். 12ஐயும் 32ஐயும் எண்ணத் தெரிந்தால் 1960 வரைக்குமான ஜாஸில் பெரும்பகுதிக்கு வழி தெரிந்த மாதிரி.

மூன்றாம் படி: அட்டையின் பின்பக்கம்

ஜாஸ் ஆல்பத்தின் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைவிடப் பின்பக்கத்துச் சிறிய பெயர்கள் முக்கியம். யார் பேஸ், யார் டிரம்ஸ், எந்த ஊர், எந்தத் தேதி. ஸ்ட்ரீமிங் செயலிகளில் இந்த விவரம் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. ஜாஸ் கேட்பவனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. தேடிப் படித்துவிட்டே கேளுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கவும் அதுவே வழி. கேனன்பால் ஆடர்லி பிடித்ததா? 1958இல் அவர் பெயரில் வந்த 'சம்திங் எல்ஸ்' ஆல்பத்தில் டேவிஸ் வெறும் துணைக் கலைஞர். கோல்ட்ரேன் பிடித்ததா? அதே 1959இல் பதிவான 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' இருக்கிறது. அதிலும் பேஸ் பால் சேம்பர்ஸ்தான்; 'நைமா' என்ற மெதுவான பாட்டில் கெல்லியும் காப்பும்கூட வந்துவிடுகிறார்கள். ஆனால் தலைப்புப் பாட்டு 'ஸோ வாட்'டுக்கு நேர் எதிர். அங்கே குறைந்தது எட்டு பாருக்கு ஒரே இடம், இங்கே கண்மூடித் திறப்பதற்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மனிதர் சில வார இடைவெளியில் இரண்டையும் செய்தார் என்பதைக் கேட்டால்தான் நம்ப முடியும்.

நான்காம் படி: அதே ஆண்டு, வேறு மூன்று வீடுகள்

1959ஐ விட்டு நகர அவசரப்படாதீர்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவானது நியூயார்க் 30ஆம் தெருவில் கொலம்பியா நிறுவனம் வைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில். முன்பு அது தேவாலயம். அந்த உயர்ந்த கூரையின் காற்று அந்த ஆல்பத்தில் கேட்கும். அதே கூடத்தில், அதே ஆண்டில், இன்னும் இரண்டு பெரிய ஆல்பங்கள் பிறந்தன.

ஒன்று டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்'. 'டேக் ஃபைவ்' எல்லோருக்கும் தெரியும், விளம்பரத்திலாவது கேட்டிருப்பீர்கள். மெட்டு ப்ரூபெக்குடையது இல்லை, சாக்ஸ் வாசித்த பால் டெஸ்மண்டுடையது. பாருக்கு ஐந்து அடி, மூன்றும் இரண்டுமாக. கண்ட சாபு பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும், அங்கே இரண்டும் மூன்றும். நடுவில் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வரும்போது ப்ரூபெக் பியானோவில் அந்த ஐந்தை மட்டும் விடாமல் வாசித்துக்கொண்டே இருப்பார். தனி ஆவர்த்தனத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுபவரின் வேலை அது. ஐந்தை விடாமல் எண்ணிக்கொண்டு மொரெல்லோ எங்கே விழுகிறார் என்று பாருங்கள். பல இடங்களில் அவர் அடிக்காமல் விட்டதுதான் அழகு.

'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்' இன்னும் சுவை. 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றிவந்தபோது இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது அடித் தாளத்திலிருந்து ப்ரூபெக் இதை எடுத்தார். 2+2+2+3 என்று மூன்று தடவை, அப்புறம் ஒருமுறை 3+3+3. வாயால் 'தக தக தக தகிட' என்று மும்முறையும் 'தகிட தகிட தகிட' என்று ஒருமுறையும் சொல்லிக்கொண்டே கேளுங்கள், ஒட்டிக்கொள்ளும். தனி வாசிப்புகள் வரும்போது திடீரென்று சாதாரண நான்கு அடிக்கும் 12 பாருக்கும் மாறிவிடுவார்கள். வெயிலில் நடந்துவந்து நிழலில் உட்கார்ந்ததுபோல இருக்கும்.

இரண்டாவது 'மிங்கஸ் ஆ உம்'. சார்லஸ் மிங்கஸ் பேஸ் வாசிப்பவர், அவரே தலைவர். பேஸைப் பிடிக்கச் சொன்னேன் அல்லவா, இங்கே பேஸ் வண்டியையே ஓட்டுகிறது. முதல் பாட்டில் தேவாலயத்தில் நிற்பதுபோலக் கைதட்டலும் கூச்சலும். 'குட்பை போர்க் பை ஹேட்' அந்த ஆண்டு மார்ச்சில் இறந்த சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங்குக்கான இரங்கல். அவர் அணிந்த தொப்பிதான் தலைப்பு. 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்', 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் கறுப்பினப் பிள்ளைகள் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்திய ஆர்க்கன்சா ஆளுநர் ஃபாபஸைக் கேலி செய்வது. இந்த ஆல்பத்தில் வரிகள் கிடையாது. அடுத்த ஆண்டு வேறொரு சிறு நிறுவனத்துக்குச் செய்த பதிவில்தான் வார்த்தைகளோடு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கேலி மெட்டிலேயே இருப்பது முதலாவதில் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது என் கட்சி.

மூன்றாவது வீடு நாட்டின் மறுகோடியில், லாஸ் ஏஞ்சலிஸில். ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. பியானோ இல்லை. ஆகவே 'இப்போது இந்த இடத்தில் இருக்கிறோம்' என்று சொல்லும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) இல்லை, எண்ணிப் பிடிக்க 32 பாரும் இல்லை. பலர் இங்கே கேட்பதை நிறுத்திவிடுவார்கள். 'லோன்லி வுமன்' பாட்டில் பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ் வேகமாக ஓடுகிறது. அதன்மேல் கோல்மனின் சாக்ஸும் டான் செர்ரியின் குட்டி டிரம்பெட்டும் அழுதுகொண்டே மெல்ல நடக்கின்றன. நடுவில் சார்லி ஹேடனின் பேஸ். கைவிட்டுப் போகிறதே என்று தோன்றும்போதெல்லாம் ஹேடனிடம் போய் நில்லுங்கள். எனக்கு இந்த ஆல்பம் பிடிபட எட்டு மாதம் ஆனது, அதுவும் அவசரப்படாததால்தான்.

ஐந்தாம் படி: எத்தனை பேர்?

இப்போது காலத்தை விட்டுவிட்டு ஆள் கணக்குக்கு வரலாம்.

மூன்று பேர்: பில் எவன்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை கிளப். மேசைகளில் கண்ணாடிக் கோப்பைகள் உரசுவதும் யாரோ சிரிப்பதும் கேட்கும். பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ இங்கே நடப்பதோடு நிற்பதில்லை. பியானோ சொல்வதற்கு மறுமொழி சொல்கிறார், குறுக்கிடுகிறார், சில இடங்களில் முந்திக்கொள்கிறார். பால் சேம்பர்ஸைக் கேட்ட காதோடு போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லஃபாரோவுக்கு அப்போது வயது 25. பதினொரு நாள் கழித்து கார் விபத்தில் இறந்துவிட்டார். அன்று பதிவானதிலிருந்து 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்' என்று இன்னோர் ஆல்பமும் உண்டு. இப்போது கிடைக்கும் பதிப்புகளில் ஒரே பாட்டின் இரண்டு டேக்குகளை (தனித்தனியாக வாசித்த பதிவுகளை) அடுத்தடுத்து ஒட்டி வைத்திருப்பார்கள். முதல் தடவை அதைத் தாண்டிப் போங்கள். விருந்தில் ஒரே பதார்த்தத்தை இரண்டு முறை பரிமாறுவதுபோல, பந்தியின் ஒழுங்கே கெட்டுவிடும்.

ஐந்து பேர்: டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்', 1958. பியானோ கூப்பிடும், மற்றவர்கள் 'ஆமென்' என்பதுபோலப் பதில் கொடுப்பார்கள். டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு வயது 20. பதிவான இடம் நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் ஒரு வீட்டுக்கூடம். ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர்; அது போக மீதி நேரத்தில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு செய்தார். 30ஆம் தெருக் கூடத்தின் காற்றோட்டம் இதில் இல்லை. டிரம்ஸ் உங்கள் முழங்காலில் இடிக்கும் தூரத்தில் இருக்கும். ஒரு பாட்டை அங்கேயும் ஒரு பாட்டை இங்கேயும் மாற்றிமாற்றிக் கேட்டால், அறையும் ஒரு வாத்தியம்தான் என்பது புரியும்.

பதினைந்து பதினாறு பேர்: பிக் பேண்ட். இங்கே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயல வேண்டாம். டிரம்பெட் வரிசை, டிராம்போன் வரிசை, சாக்ஸ் வரிசை. பின்னால் பியானோ, பேஸ், டிரம்ஸ். ஒரு தடவைக்கு ஒரு வரிசை. கவுண்ட் பேஸியின் 'அட்டாமிக் மிஸ்டர் பேஸி' ஆல்பத்தில் 'லில் டார்லின்' பாட்டைப் போட்டு, ஃப்ரெடி கிரீனின் கிதாரைத் தேடுங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் பாருக்கு நான்கு தட்டு, அவ்வளவுதான் வாசிப்பார். 1937இல் சேர்ந்தவர், 1987இல் இறக்கும்வரை அதைத்தான் செய்தார். தனியாகக் கேட்காது, எடுத்துவிட்டால் கட்டடம் சாயும்.

ட்யூக் எலிங்டனுக்கு 'எலிங்டன் அட் நியூபோர்ட்'. 1956 ஜூலை 7 இரவு, 1937இல் எழுதிய இரண்டு பழைய உருப்படிகளை இணைக்கும் பாலமாக பால் கான்சால்வஸ் டெனர் சாக்ஸில் நின்றார். 12 பார் சுற்று, ஒன்றல்ல இரண்டல்ல, 27. எண்ணுங்கள். ஏழெட்டில் கூட்டம் சலசலக்கத் தொடங்குவதும், அது கூச்சலாக வளர்வதும் கேட்கும். வேடிக்கை என்னவென்றால், அவர் கொலம்பியாவின் மைக்கை விட்டுவிட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு வந்த எல்பியில் சாக்ஸ் எங்கோ தள்ளிக் கேட்டது. மற்ற பல பகுதிகளை ஸ்டூடியோவில் திரும்ப வாசித்து, கைதட்டலைச் சேர்த்திருந்தார்கள். வானொலியின் டேப் பின்னாளில் கிடைக்க, இரண்டையும் சேர்த்து 1999இல் முழுக் கச்சேரியையும் வெளியிட்டார்கள். அந்த 1999 பதிப்பையே கேளுங்கள்.

எலிங்டன் 1963இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து போனவர். அந்தப் பயணத்திலிருந்து 'ஃபார் ஈஸ்ட் சூட்' பிறந்தது. அதில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு சொற்றொடர், எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் டெல்லியில் கேட்ட மைனாவின் குரல்.

குரலுக்கு ஓர் ஆல்பம் போதும்: 'எல்லா இன் பெர்லின்', 1960 பிப்ரவரி. 'மேக் தி நைஃப்' பாடும்போது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வரி மறந்துவிடுகிறது. நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே வரியாக்கி, தாளத்தில் உட்கார்த்தி, நடுவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் தொண்டையையும் மிமிக்ரி செய்து முடிக்கிறார். வடிவம் உள்ளே ஊறியிருந்தால் வார்த்தை போனாலும் பாட்டு போகாது. அந்தத் தடுமாற்றத்தின்போது பின்னால் பேஸ் எவ்வளவு நிதானமாகப் போகிறது என்று கவனியுங்கள்.

ஆறாம் படி: இப்போதுதான் பின்னோக்கி

என் முதல் தோல்வி எங்கே நடந்தது என்பது இப்போது புரிகிறது. நீண்டநேரம் ஓடும் எல்பி தட்டு 1948இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம். ஆகவே 1920, 30களின் 'ஆல்பம்' என்று நாம் கேட்பது பிற்காலத்தில் யாரோ தொகுத்தது. அறுபது பாட்டை வரிசையாகக் கேட்கச் சொல்லி அதை யாரும் செய்யவில்லை. ஒரு பாட்டை எடுங்கள், மூன்று தடவை கேளுங்கள், மூடி வைத்துவிடுங்கள்.

முதலில் 1945க்கு. ஆல்டோ சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் 'கோ-கோ', நவம்பர் 26. தலைசுற்றும் வேகம். 'செரோக்கி' என்ற பிரபலமான பாட்டின் கார்டு வரிசைமேல் புது மெட்டு. முதல் டேக்கில் பழைய மெட்டும் சேர்ந்து வந்துவிட, பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த நிறுத்தமும் பதிவாகியிருக்கிறது. உரிமைத்தொகை மெட்டுக்குத்தான், கார்டு வரிசைக்கு இல்லை என்பதால் அக்காலத்தில் பலரும் இப்படிச் செய்தார்கள். வேகத்துக்குப் பயப்பட வேண்டாம். முதலில் 'செரோக்கி'யை யாராவது மெதுவாக வாசித்ததைக் கேட்டுவிட்டு, மனதுக்குள் அந்த மெட்டை முணுமுணுத்தபடி பார்க்கரைக் கேளுங்கள். ஓடும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு தண்டவாளத்தை எண்ணுவதுபோல.

அப்புறம் 1928க்கு. சிகாகோ, ஜூன் 28, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. தொடக்கத்தில் துணையே இல்லாமல் டிரம்பெட் மட்டும் பத்துப் பன்னிரண்டு வினாடி. அதற்குப் பின் 12 பார் சுற்றுகள். உங்களுக்குத்தான் எண்ணத் தெரியுமே. டிராம்போன், பிறகு கிளாரினெட்டோடு ஆம்ஸ்ட்ராங்கின் வார்த்தையில்லாப் பாட்டு, பிறகு ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. கடைசிச் சுற்றில் டிரம்பெட் ஒரே உச்ச ஸ்வரத்தைக் கிட்டத்தட்ட நான்கு பார் பிடித்து நிற்கும். இந்தப் பதிவில் பேஸே கிடையாது. அந்த வேலையை ஹைன்ஸின் இடது கையும் பேஞ்சோவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பேஸைத் தேடிப் பழகிய காதுக்கு இந்த இல்லாமை உடனே உறைக்கும். இரண்டு வாரம் இந்தக் காலத்தோடு மல்லுக்கட்டியும் எனக்கு அன்று உறைக்காத விஷயம் இது.

ஏழாம் படி: 1964க்கு அப்புறம்

கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் பதிவானது. 33 நிமிடம், நான்கு பகுதி. பாட்டுக் கணக்கில் பிரிக்காமல் முழுதாகக் கேட்க வேண்டிய முதல் ஆல்பம் இந்த வழிகாட்டியில் இதுதான். ஜிம்மி கேரிசனின் பேஸ் நான்கு ஸ்வரத்தில் ஒரு சொற்றொடரைத் தொடங்கும். முதல் பகுதி முழுக்க அதுதான். சாக்ஸ் அதைப் பன்னிரண்டு சுருதியிலும் வைத்துப் பார்த்த பிறகு குரல்கள் அதையே ஆல்பத்தின் பெயராக ஓதும். நான்காம் பகுதிக்கு வரும்போது, அட்டையில் கோல்ட்ரேன் எழுதி அச்சிட்டிருக்கும் பிரார்த்தனைக் கவிதையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் அதை வரிவரியாக வாசித்துக்கொண்டு போகிறது. விரலால் தொடர்ந்து போனால் பல வரிகளைப் பிடித்துவிடலாம்.

டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ', 1970. இரண்டு பேஸ், ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ், மின்பியானோக்கள். இங்கே நாம் இதுவரை நம்பிவந்த ஒன்று உடைகிறது: ஓர் அறை, ஒரு நாள், வாசித்தது வாசித்தபடி என்ற கணக்கு. தயாரிப்பாளர் டியோ மாசெரோ டேப்பைப் பல இடங்களில் வெட்டி ஒட்டித்தான் பாட்டையே கட்டினார். சுற்றை எண்ணாதீர்கள், பயனில்லை. சமையல் வாசனையை அடுத்த அறையிலிருந்து பிடிப்பதுபோலக் கேளுங்கள். உண்மையைச் சொன்னால், நான் இதை மதிக்கிறேனே தவிர அடிக்கடி போடுவதில்லை.

கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்சர்ட்' ஒற்றைப் பியானோ, 1975 ஜனவரி 24. மேடைக்குத் தவறான பியானோ வந்துவிட்டது. சிறியது, மேல் ஸ்வரங்கள் தகரம்போல, கீழ் ஸ்வரங்களில் கனமில்லை. ஆகவே அவர் நடுப்பகுதியிலேயே சுற்றி, இடது கையால் சின்னச் சொற்றொடர்களை விடாமல் ஓட்டுகிறார். பேஸ் வாசிக்க ஆளில்லாத இடத்தில் இடது கை என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள்.

கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவை நம்மவர்கள் பலர் முதலில் கேட்கிறார்கள். எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா. 1975இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவான அந்த முதல் ஆல்பம் அட்டகாசம்தான். ஆனால் அதில் தொடங்கினால் மற்ற ஜாஸ் எல்லாம் மந்தமாகத் தோன்றும் ஆபத்து உண்டு. கடைசியில் வாருங்கள், மெக்லாக்லின் தன் பங்குக்கு எதைக் கொண்டுவந்தார் என்பது அப்போது தனியாகத் தெரியும்.

நான் கடைசிக்கு வைத்திருப்பது ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. ஆலிஸ், ஜான் கோல்ட்ரேனின் மனைவி. கணவர் 1967இல் இறந்த பிறகு அவர் நாடிச் சென்ற குரு, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவரே. லாங் ஐலண்டில் ஆலிஸின் வீட்டிலிருந்த கூடத்தில் பதிவான தலைப்புப் பாட்டில் முதலில் தம்புரா. அதன்மேல் செசில் மக்பீயின் பேஸ் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கும். ஆலிஸின் ஹார்ப்பும் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸும் வந்து நிறைத்த பிறகும் அந்தப் பேஸ் இடத்தைவிட்டு நகராது. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, மக்பீயை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.